பீங்கானும் பேணியும்

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு செலீனுக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது ஒரு தகரப் பேணியைக் கண்டுதான். மார்கழிக் குளிருக்கு வரவில்லை. லிஃப்ற் வேலை செய்யாமல் படியேறி மூச்சு வாங்கியதற்கு வரவில்லை. ஏழு வருசம் பிரிந்திருந்த மனுசன் விமான நிலையத்தில் கட்டிப்பிடிக்காமல் கையை நீட்டி "பயணம் சுகமோ?" என்று கேட்டதற்குக்கூட வரவில்லை. கூச்சக்காரன், போகட்டும் என்று விட்டுவிட்டாள். பேணியைத்தான் அவளால் விடமுடியவில்லை.

அவர்கள் இருந்தது சென் ஜேம்ஸ் ரவுணில், வானத்தைத் தொடுகிற கட்டடங்களில் ஒன்றில். எதிர்க் கதவு ஹலினா அன்ரியுடையது. போலந்துக்காரி, புருசனை இழந்தவர், அறுபதைத் தாண்டியவர். அலெக்ஸாண்டர் ஊருக்குத் தொலைபேசி எடுத்த காலத்தில் தன்னைப் பற்றிச் சொன்னதைவிட ஹலினா அன்ரியைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். ஹலினா அன்ரி சூப் தந்தவா, ஹலினா அன்ரி நல்ல கோட் எங்கை மலிவு எண்டு சொன்னவா, ஹலினா அன்ரி இண்டைக்கு ஏசினவா, தொப்பி போடாமல் வெளிக்கிட்டதுக்கு. வேறு பெண்ணென்றால் ஒரு மாதிரி நினைத்திருப்பாள். செலீனுக்கு நன்றிதான் வந்தது. கண்காணாத தேசத்தில் தன் மனுசனுக்கு ஒரு வாய் சூடாகக் கொடுத்த கை அல்லவா? அந்தக் கைக்கென்று கொழும்பில் நல்ல தேயிலையாகப் பார்த்து வாங்கி, பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் பொத்திப் பொத்திக் கொண்டுவந்திருந்தாள்.

முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு தேயிலையை எடுத்துக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினார்கள். ஹலினா அன்ரி செலீனைக் கட்டிப்பிடித்துக் கன்னங்களில் மாறி மாறிக் கொஞ்சினார். பிறகு கண்ணாடி அலுமாரியைத் திறந்தார். உள்ளே பொன்விளிம்பு போட்ட வெள்ளைப் பீங்கான் கப்புகள், ஒவ்வொன்றிலும் ஊதாப் பூ. ஒன்றை எடுத்து, ஊதி, துணியால் துடைத்து, சின்னத் தட்டோடு செலீனுக்கு முன்னால் வைத்தார். தனக்கும் ஒன்று எடுத்தார். அலெக்ஸாண்டருக்கு எடுக்கவில்லை.

அலெக்ஸாண்டர் தானே எழும்பிக் குசினிக்குப் போனான். கதவோரச் சுவரில் ஓர் ஆணி, அதில் ஒரு பேணி தொங்கியது. எனாமல் பூசிய தகரக் குவளை. ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும்; இப்போது விளிம்பு முழுக்க எனாமல் பெயர்ந்து கறுத்துக் கிடந்தது. அவன் அதை எடுத்து அலசிக்கொண்டு வந்தான். ஹலினா அன்ரி ஊற்றினார். குடித்து முடித்ததும் மறுபடி எழும்பிப் போய், சவர்க்காரம் போட்டுக் கழுவி, அதே ஆணியில் கொழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தான்.

செலீனின் தேத்தண்ணீர் கப்பிலேயே ஆறியது. அவள் அதில் வாய் வைக்கவே இல்லை.

அவளுக்கு அந்தப் பேணியை முன்பே தெரியும். அம்மா மா இடிக்கப் போன பெரிய வீட்டில், குசினித் தாவாரத்தில் செருகி வைத்திருந்த பேணி அது. நிறம் வேறாக இருக்கலாம், சாதி ஒன்று. வீட்டுக்கார அம்மா உயரத் தூக்கித்தான் ஊற்றுவார், கேத்திலின் மூக்குப் பேணியில் பட்டுவிடக்கூடாது. குடித்து முடித்ததும் அம்மா தானே கழுவி, தானே தாவாரத்தில் செருக வேண்டும். வேறொருவரும் அதைத் தொடமாட்டார்கள். உள்ளே அலுமாரியில் பீங்கான் அடுக்கியிருக்கும். அது தங்களுக்குச் சமமான ஆட்கள் வந்தால் இறக்குவது. இரண்டு வீட்டாரும் ஒரே கோயிலில் ஒரே நற்கருணை வாங்கியவர்கள்தான். அந்தச் சமத்துவம் கோயில் படியோடு முடிந்துவிடும்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் செலீன் வெடித்தாள்.

"இத்தினை வருசமா உந்தப் பேணியிலையோ குடிச்சனீங்கள்?"

"எந்தப் பேணி?"

"ஆணியில தொங்கிற பேணி. எனக்குப் பீங்கான், உங்களுக்குத் தகரம். எனக்கு முன்னாலையே செய்யிறா, நீங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு கழுவிக் கொழுவுறியள்!"

அலெக்ஸாண்டர் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "விசர்க் கதை கதையாதையும், செலீன். அவா வெள்ளைக்காரி. அவைக்கு எங்கட ஊர்க் கதை என்ன தெரியும்?"

"தெரியாமல் செய்தாலும் உது உதுதான். ஏன் உங்களுக்கு ஒரு பீங்கான் கப் எடுத்து வைக்கேல்லை? கப் பத்தாதோ? அலுமாரி நிறைய இருக்கு."

சண்டை பிடிக்கிற மனுசன் என்றால் சண்டை பிடித்து ஆறலாம். இவனோ கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கட அம்மா செத்தவுடனை அந்தப் பேணியை ஆர் எறிஞ்சது தெரியுமோ?" என்றாள் செலீன். "நான்தான். அந்த வீட்டுக்குப் போய்த் தாவாரத்தில இருந்து இழுத்து எடுத்து, அவை பாத்துக்கொண்டு நிக்க, கிணத்தடியில போட்டு உழக்கினனான். இனி எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் தனிப் பேணி வேண்டாம் எண்டு. கடல் தாண்டி வந்து பாத்தா என்ர மனுசன் அதைக் கழுவிக்கொண்டு நிக்கிறார்."

பிறகு அழுதாள். அலெக்ஸாண்டர் பக்கத்தில் வந்து நின்றான். தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து, யோசித்து, கடைசியில் வைத்தான். வந்த நாளிலிருந்து அவன் அவளை அப்படித் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நீர் வேண்டாம் எண்டா நான் போகேல்லை," என்றான்.

சொன்னபடியே போகாமல் விட்டான். அதுவரை வேலையால் வந்ததும் எதிர்க் கதவைத் தட்டி, தேத்தண்ணீர் குடித்து, அன்றைய புதினம் சொல்லிவிட்டுத்தான் தன் கதவைத் திறக்கிற ஆள் அவன். இப்போது சப்பாத்துச் சத்தம் கேட்காமல் நடந்து வந்தான். திறப்பைக்கூட மெல்லத் திருகினான். ஹலினா அன்ரி வந்து தட்டியபோது இருவரும் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கதவடியில் பார்த்தால், கசகசா வைத்துச் சுருட்டிய கேக் ஒன்று தாளில் சுற்றி வைத்திருந்தது. அலெக்ஸாண்டர் அதை உள்ளே எடுத்து வைத்தான். தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் பேச்சுக் குறைந்தது. தன் சொல்லைக் கேட்டு நடக்கிற புருசன் கிடைத்தும் செலீனுக்குச் சந்தோசமாக இல்லை. அவனுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே உறவை அவள் அறுத்துவிட்டாள். அது அவளுக்கும் தெரிந்தே இருந்தது. ஆனாலும் அந்த ஆணி கண்ணுக்குள் நின்றது. அதை வைத்துக்கொண்டு அவனைத் திரும்ப அங்கே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

விசயம் உடைந்தது கட்டடத்தின் அடித்தளத்தில், உடுப்புத் தோய்க்கிற அறையில். செலீன் ஈரத் துணிகளை மெசினிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தபோது ஹலினா அன்ரி கூடையோடு உள்ளே வந்தார். ஓட வழியில்லை.

இருவருடைய ஆங்கிலமும் நொண்டி ஆங்கிலம். ஹலினா அன்ரியுடையது பல வருசம் பேசித் தேய்ந்தது. செலீனுடையது புதுசாகப் போகத் தொடங்கிய இங்கிலீஸ் வகுப்பில் வாங்கியது. நொண்டி ஆங்கிலத்தில் ஒரு வசதி உண்டு. சுற்றி வளைக்கச் சொல் கிடைக்காது, நேரே சொல்லத்தான் வேண்டும்.

"நான் உங்களுக்கு என்ன பிழை செய்தேன்?" என்று கேட்டார் ஹலினா அன்ரி.

செலீன் ஈரத் துவாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "எனக்கு நல்ல கப் தந்தீங்கள். என்ர மனுசனுக்குத் தகரம். ஏன் அவருக்குத் தகரம்? அவர் குறைஞ்ச ஆளோ?"

ஹலினா அன்ரிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு, செலீனின் ஈரக் கையைப் பிடித்து, "வா," என்றார். உடுப்பு கிடந்தபடி கிடந்தது.

மேலே போனதும் முதலில் தேத்தண்ணீர்தான். செலீன் கொண்டுவந்த தேயிலை, பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மறுபடி அதே பொன்விளிம்புக் கப்பு, செலீனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. செலீன் சீனி மூன்று கரண்டி போட்டுக்கொண்டாள். கோபத்திலும் சீனி சீனிதான். பிறகு ஹலினா அன்ரி ஆணியிலிருந்து பேணியைக் கழற்றி, மேசை நடுவில் வைத்தார்.

"எனக்கு எட்டு வயது," என்று தொடங்கினார். "குளிர்காலம். சோவியத் படையாட்கள் வீட்டுக்குள் வந்து வெளிக்கிடச் சொன்னார்கள். அம்மா கைக்கு அகப்பட்டதை எடுத்தார். அகப்பட்டது இது. நல்ல பீங்கான் எல்லாம் அலுமாரியில் இருந்தது. இதைத்தான் எடுத்தார், விசரி. ரயிலில் கொண்டுபோய்ச் சைபீரியாவில் இறக்கினார்கள். அங்கே இரண்டு பேருக்கும் சாப்பாட்டுத் தட்டு, தண்ணிக் கப், எல்லாம் இதுதான். பிறகு விட்டார்கள். கப்பலில் பாரசீகத்துக்குப் போனோம். கரையில் இறங்கியதும் அம்மாவுக்குக் காய்ச்சல். இதில்தான் கடைசியாகத் தண்ணீர் குடித்தார்."

விரலால் பேணியின் கறுத்த விளிம்பைத் தடவினார்.

"அம்மாவுக்குப் பிறகு நான் குடித்தேன். பிறகு ஸ்டெஃபான், என் கணவர். வேறு ஒருவருக்கும் நான் இதைக் கொடுத்ததில்லை. உன் கணவர் இங்கே வந்த புதிதில் உடம்பெல்லாம் கொப்பளம் போட்டது."

"அம்மாள் வருத்தம்," என்றாள் செலீன், தமிழில். அது அவளுக்குத் தெரியாத கதை. அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

"கூட இருந்த பையன்கள் பயந்து வேறிடம் போய்விட்டார்கள். நான் சூப் கொண்டுபோனேன், நல்ல கப்பில், மரியாதையாக. அவனுக்குக் கை நடுங்கியது, கப்பைப் பிடிக்கவே முடியவில்லை. அப்போதுதான் இதை எடுத்துப் போனேன். கொடுத்த பிறகு எனக்குப் பயம் வந்தது. இதில் குடித்துத்தானே அம்மா போனார்? இவனும் போய்விட்டால்? இரவெல்லாம் செபமாலை சொன்னேன். அவன் பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு இது அவனுடையது. கப் விருந்தாளிக்கு, செலீன். குடித்துவிட்டுப் போகிற ஆளுக்கு. அவன் விருந்தாளியா?"

செலீன் தன் முன்னால் இருந்த கப்பைத் தூக்கிப் பாதி குடித்தாள், வாயை எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிறகு, பேச ஏதாவது வேண்டுமே என்று, "இதுக்கு உங்கட பாசையில என்ன பேர்?" என்று கப்பைக் காட்டிக் கேட்டாள்.

"ஃபிலிஜங்கா."

"நீட்டுப் பேர்."

ஹலினா அன்ரிக்குச் சிரிப்பு வந்தது. "அது எங்களுடைய பெயரே இல்லை. பாரசீகத்தில் எங்களைப் போன்ற பிள்ளைகளை இஸ்பஹான் என்ற ஊரில் வைத்திருந்தார்கள். அங்கே ஒரு பெண் எனக்குக் குடிக்கத் தந்து, கப்பைத் தொட்டு, 'ஃபென்ஜான்' என்றாள். நான் அழத் தொடங்கிவிட்டேன். அவளுக்குப் போலிஷ் தெரியும் என்று நினைத்துவிட்டேன். வீட்டில் அம்மா சொல்கிற சொல்லைப் போலவே இருந்தது. ஸ்டெஃபான் சனிக்கிழமைப் பள்ளியில் போலிஷ் படிப்பித்தவர், சொல்லுக்கெல்லாம் ஊர் தேடுகிற பைத்தியம். அவர்தான் பிறகு சொன்னார். துருக்கியர் எங்களோடு சண்டைக்கு வந்து, கோப்பி குடிக்கப் பழக்கிவிட்டுப் போனார்களாம். கப்பும் பெயரும் அவர்களோடு வந்தது. அவர்களுக்கு அரபியர் கொடுத்தது. அரபியருக்குப் பாரசீகர் கொடுத்தது. அரபியர் நாக்குக்கு 'ப' வராது, அதனால் 'ஃப' ஆக்கிவிட்டார்கள். பாரசீகத்தின் பழைய சொல் பிங்கான். கிண்ணம் என்று பொருள். அதற்கு முன்னால் கிரேக்கம் என்றும் சொல்வார், அது எனக்கு ஞாபகம் இல்லை."

"என்ன சொன்னீங்கள்?"

"பிங்கான்."

செலீன் கப்பைத் தட்டில் வைத்தாள். வைத்த கை அதை விடவில்லை. "பீங்கான்," என்றாள். "எங்கட பாசையில இது பீங்கான். இந்த வெள்ளைச் சாமானுக்கே அதுதான் பேர். சோறு சாப்பிடுற தட்டுக்கும் சொல்லுவம்."

இரண்டு பெண்களும் கப்பைப் பார்த்தார்கள். ஒரு சொல் பாரசீகத்தில் புறப்பட்டு ஒரு பக்கம் போலந்துக்கும் மறு பக்கம் யாழ்ப்பாணத்துக்கும் போய், இந்த மேசையில் மறுபடி சந்தித்திருந்தது. ஹலினா அன்ரி, ஸ்டெஃபான் இருந்திருந்தால் இன்றைக்கு நித்திரை கொள்ளமாட்டார் என்று சொல்லிக் கைதட்டினார்.

செலீன் கைதட்டவில்லை. "எங்கட ஆக்களுக்கு அதைத் தரமாட்டினம்," என்றாள்.

அவள் சொல்லத் தொடங்கினாள். பெரிய வீடு, தாவாரம், உயரத்திலிருந்து ஊற்றுகிற கேத்தில். அம்மா தானே கழுவித் தானே செருகியது. சொல் கிடைக்காத இடங்களில் கையால் காட்டினாள்: இப்படி ஊத்துவினம், இப்படித் தள்ளி நிக்கவேணும். இதை இப்படி விரித்து அவள் தன் வாழ்நாளில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருந்தது? ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம், தெரிந்தவர்கள் எல்லாரும் பேசாமல் இருந்த விசயம்.

ஹலினா அன்ரியின் கண்ணால் நீர் ஓடியது. "கடவுளே," என்றார். "அதனால்தானா?"

"என்ன?"

"அவன் ஒருநாளும் என்னைக் கழுவ விட்டதில்லை. வை, நான் பிறகு கழுவுகிறேன் என்பேன். கேட்கமாட்டான். குடித்தவுடன் எழும்பிவிடுவான். அந்த ஆணியும் அவன் அடித்ததுதான். அலுமாரிக்குள் வை என்றேன், கேட்கவில்லை. தமிழ் ஆண்கள் நல்ல பழக்கம் உள்ளவர்கள் என்று நான் கோயிலில் எல்லாருக்கும் பெருமையாகச் சொன்னேன்."

செலீன் தன் கோபம் முழுவதையும் இந்தப் பெண்ணின் தலையில் கொட்டியிருந்தாள். பேணியை ஆணியில் மாட்டியது அவளுடைய சொந்த மனுசன். ஒருவரும் கேட்காமல், ஒருவரும் கட்டாயப்படுத்தாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த பயத்தில் தானே மாட்டியிருக்கிறான்.

ஹலினா அன்ரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, யோசனையில், கைக்கு எட்டிய கப்பை எடுத்து மிச்சத் தேத்தண்ணீரை ஒரே மிடறில் குடித்தார்.

"அன்ரி," என்றாள் செலீன். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அது நான் குடிச்ச கப்."

ஹலினா அன்ரி கப்பைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "ஓ. அதுதான் இவ்வளவு இனிப்பு," என்றார். "இவ்வளவு சீனி போடாதே. பல் போய்விடும்." எழும்பிப் போய் மறுபடி கேத்திலை வைத்தார்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் செலீன் மேசையில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள், தண்ணீர் கொதித்து ஓயும் வரைக்கும் அழுதாள். ஹலினா அன்ரி கேள்வி ஒன்றும் கேட்காமல் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

அன்று பின்னேரம் அலெக்ஸாண்டர் வழக்கம்போலத் திருடனைப் போலத் திறப்பைத் திருகிக்கொண்டு வந்தான். செலீன் வாசலில் நின்றாள்.

"சப்பாத்தைக் கழட்டாதையுங்கோ. போய் அன்ரியிட்டைத் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ."

அவன் நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தான். "எதிலை குடிக்கிறது?" என்று கேட்டான், பயந்து பயந்து.

"உங்கட பேணியில. அது அவவின்ர அம்மான்ர பேணியாம். அம்மாள் வருத்தம் வந்த கதையை எனக்கேன் சொல்லேல்லை?"

"நீர் ஊரில இருந்து கவலைப்படுவீர் எண்டு."

செலீன் அவன் கையிலிருந்த திறப்பை வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "இஞ்சாருங்கோ. நான் குடிச்ச மிச்சத்தை அவா எடுத்துக் குடிச்சவா. இனிப்புக் கூடவாம் எண்டு ஏசினவா."

அலெக்ஸாண்டர் சுவரில் சாய்ந்தான். அப்படியே வழுக்கி, சப்பாத்துகள் கிடக்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டான். வேறு யாருக்குச் சொல்லியிருந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். அவன் கேட்கவில்லை.

"உண்மையாவோ?"

"உண்மையா."

"நான் ஏன் கழுவிறனான் தெரியுமோ, செலீன்?" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "கழுவாமல் வைச்சால் அவா அதைத் தொடுவாவோ, மாட்டாவோ எண்டு தெரிஞ்சுபோயிடும். தொடாமல் விட்டிட்டா எனக்குப் போக வேறை இடம் இல்லை. அதுதான் தெரியாமலே இருக்கட்டும் எண்டு..."

செலீன் குனிந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள். இந்த முறை கூச்சப்படவில்லை, அவனும் சரி, அவளும் சரி. கதவைத் திறந்து அவனை நடைகூடத்தில் விட்டாள். எதிர்க் கதவு திறந்தது, ஹலினா அன்ரியின் ஏச்சுச் சத்தம் கேட்டது, கதவு மூடியது.

அவள் சோறு வடித்தாள், கறியை இறக்கினாள். அவன் திரும்பி வர நேரமாயிற்று. வந்தவன் குசினி வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது.

"குடிச்சனீங்களோ?"

"ஓம்."

"பிறகு?"

"மேசையில வைச்சிட்டு வந்திட்டன்," என்றான் அலெக்ஸாண்டர். "கழுவேல்லை."